‘புட் ஓஃப்’: ஒத்திவைப்பா, கைவிடுவதா?

கேள்வி: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் எங்கள் படகுப் பயணம், கடல் கொந்தளிப்பால் ‘புட் ஓஃப்’ என்று குறுஞ்செய்தி வந்தது. பயணமே இல்லையென்று நினைத்துக் கட்டிய சோற்றுப் பொதிகளை வீட்டிலேயே பிரித்துச் சாப்பிட்டோம். மறுநாள் படகு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பிழை யாருடையது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சோறு வீணாகவில்லை என்று ஆறுதல் கொள்ளுங்கள், செய்தியில் பிழையில்லை. ‘புட் ஓஃப்’ என்றால் ஒத்திவைப்பது. அடியோடு கைவிடுவதற்கு ‘கோல் ஓஃப்’ என்பார்கள். ஆனாலும் புதிய நேரத்தைக் குறிப்பிடாமல் அந்தச் சொல்லை மட்டும் அனுப்பியது அரைகுறை வேலை என்பேன்.

இதைக் கையாளும்போது நம்மவர் பெரிதும் தடுக்குவது சொல் வரிசையில்தான். ‘புட் ஓஃப் த ட்ரிப்’, ‘புட் த ட்ரிப் ஓஃப்’ ஆகிய இரண்டும் சரியாக இருக்க, பயணத்தை ‘இட்’ என்று சுட்டும்போது மட்டும் அச்சொல் நடுவில் நின்று ‘புட் இட் ஓஃப்’ என்றே வரவேண்டும். ‘புட் ஓஃப் இட்’ என்பது பிழை. பின்னால் வினை வந்தால் ‘புட் ஓஃப் கோயிங்’ என்று எழுதவேண்டும், ‘டு கோ’ பொருந்தாது.

இன்னொரு பொருளும் உண்டு. கருவாட்டு வாடையால் ஒருவருக்குச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லையென்றால், ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப்’ என்பார். அங்கே எதுவும் ஒத்திவைக்கப்படவில்லை, மனம்தான் விலகுகிறது. விளக்கை அணைப்பதற்கு நாம் சொல்லும் ‘புட் ஓஃப்’ விளங்கக்கூடியதே எனினும், எழுத்தில் ‘டேர்ன் ஓஃப்’ அல்லது ‘சுவிட்ச் ஓஃப்’ என்பதே இன்று பெருவழக்கு.