தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குடும்பத்தோடு டென்ட் போட்டுத் தங்க இடம் உண்டா, இல்லை வெறும் வெயிலும் பாறையும்தானா?

வெறும் வெயிலும் பாறையுமா என்று கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டும் உண்டு, மறுக்கவில்லை. பெங்களூரிலிருந்து சேலம் போகிற வழியில் காபிக்கு மட்டும் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு எங்கள் ஊர் அப்படித்தான் தெரியும்.

சின்னப் பிள்ளைகள், வயதான அம்மா அப்பா என்று கார் நிறையக் கிளம்புகிறவர் நீங்கள் என வைத்துக்கொண்டு சொல்கிறேன். காட்டுக்குள் டென்ட் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் யானை நடமாடும் இடம். அனுமதியில்லாமல் உள்ளே போனால் வனத்துறை வழக்கு போடும். யானை வழக்கெல்லாம் போடாது.

நாங்கள் போட்டது காவேரிப்பட்டணம் பக்கம் சித்தப்பாவின் மாந்தோப்பில், ஜூன் மாதம். இதெல்லாம் கேம்பிங்கா என்று பைக்கில் லடாக் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

காலையிலேயே சாமான்களைத் தோப்பில் இறக்கிவிட்டு தர்மபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான். கிளம்பும் முன், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலும் கிடையாது, குளியலும் கிடையாது. எங்களுக்குப் பரிசல் ஓடியது. மாமியார் ஏறமாட்டேன் என்று சாதித்துவிட்டு, கடைசியில் இறங்கமாட்டேன் என்று சாதித்தார். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் அங்கே சமைத்துத் தரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஜிலேபி மீன் வாங்கிப் பாதி குழம்பு, பாதி வறுவல். கல்லில் அரைத்த மசாலா. பிள்ளைகள் காரம் காரம் என்று கத்திக்கொண்டே தட்டைக் காலி செய்தார்கள்.

இருட்டும் முன் தோப்புக்குத் திரும்பிவிட்டோம். டென்டை மரத்தடியில் அடிக்காதீர்கள், வரிசைகளுக்கு நடுவே வெட்டவெளியில் அடியுங்கள். மரத்தடி என்றால் முசுறு எறும்பு கொத்தாக விழும். காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் தோல் வெந்துபோகும், துணியில் கறையும் போகாது. இரவில் எங்காவது ஒரு காய் தொப்பென்று விழும். ஒவ்வொன்றுக்கும் என் சின்னவன், "அப்பா, யானையா?" என்று எழுந்து உட்கார்ந்தான். சித்தப்பா கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுக் குறட்டை விட்டார்.

அந்த சித்தப்பாவைப் பற்றிப் பேசினால்தான் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவர் மரங்களில் பெரும்பாலும் பெங்களூரா ரக மா. கூழ் ஆலைக்குத்தான் போகும். 2025 சீசனில் கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. நகரத்தில் அதே கூழ் பாட்டிலில் என்ன விலை என்று பாருங்கள். இதைச் சொன்னால், "விவசாயிகள் எப்போதும் புலம்புவார்கள்" என்று கீழே ஒருவர் வந்து எழுதுவார். அவர் ஒரு நாள் தோப்பில் நின்று காய் பறித்துவிட்டு எழுதட்டும்.

தெரிந்தவர் மூலமாகக் கேட்டால் தோப்புக்காரர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தண்ணீருக்கு மோட்டார் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சருகு நிறையக் கிடக்கும், அடுப்பைக் களத்தில் மூட்டுங்கள். அப்புறம், போகும்போது நாலு காயைச் சும்மா பறித்து டிக்கியில் போடாதீர்கள். காசு கொடுத்து ஒரு பெட்டியாக வாங்குங்கள்.