ஓடினால் மூச்சு வாங்குவது ஆக்சிஜன் குறைவதாலா?

நான்கு நிமிடம் ஓடினாலே மூச்சு இரைக்கிறது, ஆக்சிஜன் குறைகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. ஆரோக்கியமானவருக்கு ஓடும்போதும் ரத்த ஆக்சிஜன் பொதுவாக 95 சதவீதத்துக்குக் கீழே இறங்காது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எங்காவது கிடந்தால் விரலில் மாட்டி, உட்கார்ந்தபடி மூச்சைப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் நெஞ்சு முட்டும். திரையிலோ எண் அநேகமாக அசைந்திருக்காது. முட்ட வைப்பது கரியமில வாயு. ஓடும்போது தசைகள் அதை ஏராளமாக வெளியிடுகின்றன. அது தேங்கி ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறிவிடாதபடி மூளைத்தண்டு மூச்சை முடுக்குகிறது. அதனால் இரைப்பது கோளாறு அல்ல, உங்கள் வேகம் அதிகம் என்பதற்கான அறிகுறி. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு இறங்குங்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. சில வாரங்களில் அதே தூரத்துக்கு அவ்வளவு இரைக்காது.

அப்புறம், தூக்கம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், அவர்களின் குறுந்தூர ஓட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 ஆனது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனாலும் விலை உயர்ந்த ஷூவுக்கு முன்னால் நான் தூக்கத்தைத்தான் சரிசெய்வேன்.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.