அத்தையிடம் கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பாரு (அப்பாவின் அப்பா) வாங்கிய 1968 ஃபியட் 1100 டிலைட் நிற்கிறது. 2009-ல் அவர் தவறிய பிறகு யாரும் எடுக்கவில்லை. நடுவில் இடமில்லாமல் உர மூட்டைகளை டிக்கியிலும் பின்சீட்டுக் காலடியிலும் அடுக்கி வைத்திருந்தோம். ஈரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முழுசாகச் செய்ய 3,50,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். டிங்கரிங், பெயிண்ட் 1,60,000, எஞ்சின் 90,000, குஷன் 40,000, ஒயரிங், பிரேக், மற்றவை 60,000. பிரீமியர் 118 என்.இ. காரின் எஞ்சினை வைத்தால் செலவு குறையும் என்கிறார் மெக்கானிக். திருப்பூரில் இதே மாடல், வேலை முடித்த வண்டி 4,75,000-க்கு வருகிறது. மஞ்சள் விற்ற பணம் 5 லட்சம் கையில் இருக்கிறது. வீட்டில் ரெடி வண்டியையே வாங்கச் சொல்கிறாள். அப்பா, ‘உன் இஷ்டம்’ என்கிறார். ஆர்.சி. அப்பாரு பெயரில்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். நிலத்துக்கு, அப்பாவுடன் பிறந்த அத்தை 2011-லேயே பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால் அந்தப் பக்கம் தொந்தரவு இல்லை. போன பொங்கலுக்கு வந்தவர் அந்தத் தூசியிலேயே பின்சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார், எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. எது லாபம் என்று சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம் அருகில்

பதில்: லாபம்தான் கேள்வி என்றால் திருப்பூர் வண்டி. பழைய காரை அடியிலிருந்து செய்கிறவர் யாரும் விற்கும்போது போட்ட காசை எடுப்பதில்லை. அந்த நட்டத்தைத் திருப்பூர்க்காரர் பட்டு முடித்துவிட்டார். உங்கள் வீட்டில் கணக்குத் தெரிந்தவர் உங்கள் மனைவிதான்.

இனி அத்தைக்கு வருவோம். கல்யாணமாகிப் போன ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வந்து, ஓடாத வண்டியில், தூசியில், அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உங்களில் ஒருவராவது பக்கத்தில் போய் ‘என்னங்கத்தை’ என்று கேட்டீர்களா? அவர் கல்யாணம் முடிந்து எந்த வண்டியில் ஊர் போனார், பிரசவத்துக்கு எந்த வண்டியில் அழைத்து வந்தார்கள் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். 1968-ல் வாங்கிய வண்டி, தம்பி. அதில் உங்கள் அப்பாரு கூட்டிக்கொண்டு சுற்றிய பிள்ளை நீங்கள் அல்ல.

விடுதலைப் பத்திரம் இருக்கிறது, தொந்தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்திரத்தை எடுத்து சொத்து விவரத்தை வாசியுங்கள். சர்வே நம்பர் இருக்கும், கிணற்றுப் பங்கு இருக்கும், கரண்ட் சர்வீஸ் இருக்கும். கார் இருக்கிறதா? இல்லையென்றால், அப்பாரு தன் காசில் வாங்கி உயில் எழுதாமல் விட்டுப்போன வண்டி 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அப்போது அப்பத்தா இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் உங்கள் பெயரே கிடையாது. அப்பா இருக்கும்போது பேரனுக்கு ஏது பங்கு? ‘உன் இஷ்டம்’ என்று சொல்ல அப்பாவுக்கு இருப்பதே பாதிதான்.

ஆர்.சி.யை ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்பதும் அவ்வளவு லேசில்லை. உரிமையாளர் இறந்தபின் பெயர் மாற்றப் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயர் கட்டாயம் வரும். முதலில் அப்பா பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30 படிவங்களில் உங்கள் பெயருக்குக் கொண்டுவரலாம். ஆர்.டி.ஓ. வாசலில் யாராவது, ‘அந்தம்மா கையெழுத்த நாங்களே பாத்துக்கறோமுங்க’ என்பார். அவர் பார்த்துக்கொள்வது போலிக் கையெழுத்து. மாட்டினால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, இனி பொண்ணுகிட்ட வாங்க வேண்டியது கையெழுத்துதான் என்று நினைக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அது எனக்கு ஒருபோதும் ஒப்பாது. நிலத்தை விட்டுக்கொடுத்தவரிடம் காரையும் கேட்காமல் எடுப்பது திருட்டுக்குப் பக்கத்து வீடு. ஆகவே அப்பாவைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் வேண்டாம், சொந்தக்காரர்கள் நிறைந்திருக்கும் நோம்பி நாளும் வேண்டாம். முதல் தடவை பேப்பர் எதையும் கொண்டுபோகாதீர்கள். இன்றைய நிலையில் வண்டிக்கு ஒரு விலை போட்டு, அதில் பாதியை எடுத்து வையுங்கள். அவர் வாங்க மறுக்கலாம், அது அவர் பெருந்தன்மை. கொடுக்காமல் இருக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

அவர் சரி என்றால் எஸ்டிமேட்டைக் கையில் எடுப்போம். அது 3,50,000-ல் நிற்காது. காரணம் அந்த உர மூட்டை.

1100-க்கு ஜீப் மாதிரித் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். தரைத் தகரமும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடமும் வண்டியைத் தாங்குகின்றன. பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். இரண்டும் கால்மிதிக்கு அடியில் இறங்கிப் பல வருசம் ஊறியிருக்கின்றன. கடலே இல்லாத ஊரில் கடற்கரை வண்டியின் துருவை விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் சீட்டையும் கால்மிதியையும் கழற்றி, ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பின்சீட்டுக் காலடி, கதவுக்குக் கீழ்ச் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கித் தரை, ஸ்பிரிங் ஹேங்கர் எல்லாவற்றையும் ஒரு சாணுக்கு ஒரு தட்டு. ‘டங்’ என்றால் தகரம் இருக்கிறது. மொத்தையாகச் சத்தம் வந்தால் பழைய பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை), இல்லை துரு. அங்கே ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள், உள்ளே போனால் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். வட்டங்களைப் போட்டோ எடுத்து, ‘இத்தனை இடத்தில் புதுத் தகரம், எவ்வளவு?’ என்று கேளுங்கள். இப்போதிருக்கும் எஸ்டிமேட்டில் அந்த வரியே இல்லை. 1,60,000-ல் துரு மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கலாம். இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் வரும்.

தகரம் மாற்றும்போது எல்லோரும் கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று. கீழ்ச் சட்டத்தை வெட்டும் முன் கதவு இடைவெளிகளில் சதுரப் பைப்பைக் குறுக்கே வைத்து வெல்டு பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பாடி நடுவில் தொங்கும். பிறகு எவ்வளவு தட்டினாலும் கதவு சேராது. ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் வெட்டச் சொல்லுங்கள். தகரத்தின் தடிமன் தரைக்கு 20 கேஜ், கீழ்ச் சட்டத்துக்கு 18 கேஜ். காஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகரம் நெளியும், ஆகவே சி.ஓ.2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்து நிரப்ப வேண்டும். பானெட்டையும் கதவையும் மணல் அடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள், அதுவும் நெளியும். பெயிண்ட் ரிமூவர் போதும். வெறும் தகரம் தெரிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். பட்டி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பட்டி பார்த்துவிட்டு ஐப்பசி மழையில் பிரைமர் இல்லாமல் நிறுத்தினால் ஈரத்தை உறிஞ்சி, பெயிண்டுக்கு அடியில் வேலையைக் காட்டும். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டரே படக்கூடாது.

எஞ்சினை ‘சும்மா ஒரு ஸ்டார்ட்’ என்று பேட்டரி மாட்டிப் பார்க்காதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு, மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். சுற்றினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்த பிறகுதான் மற்ற முடிவு. 90,000-ல் பாதி மிஞ்சலாம். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) கட்டாயம் என்றால் பிஸ்டன் முதலில் கைக்கு வரட்டும், அதை அளந்து அந்த அளவுக்கு போர் செய்யட்டும். போரை முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைகிறவர்கள் உண்டு. பிரீமியர் பத்மினி காரிலும் இதே 1089 சி.சி. எஞ்சின் என்பதால் உள் சாமான் சிரமமில்லை. கிரில், விளக்குக் கண்ணாடி, பீடிங் போல டிலைட்டுக்கே உரியவைதான் அலைய விடும். ஒன்றையும் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள், கழற்றும்போதே பெயரெழுதிப் பையில் போடுங்கள்.

பிரேக்கில் பழைய ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர் எதையும் மிச்சம் வைக்க வேண்டாம். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், அதற்கேற்ற ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

எஸ்டிமேட்டில் இல்லாதவை: இரண்டு பம்பர், கிரில், வீல் கப், கைப்பிடிகளுக்கு நிக்கல், குரோம் பூச்சு, கண்ணாடி ரப்பர்கள், ஐந்து டயர், பேட்டரி, ரேடியேட்டர், ஏற்றி இறக்கும் கூலி, ஆர்.டி.ஓ. செலவு. இதெல்லாம் சேர்ந்தால் என் மதிப்பில் ஐந்தரை லட்சத்துக்குக் கீழே வராது. தரை முழுவதும் போயிருந்தால் ஏழு. கையில் 5 லட்சம் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால், பாடி மட்டும் முடிந்து எஞ்சின் இல்லாமல் நிற்கும். வேலை வேலையாகப் பிரித்து, முடிந்ததற்கு மட்டும் பணம் கொடுங்கள். பட்டிக்கு முன் வெறும் தகரத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

118 என்.இ. எஞ்சின் வேண்டவே வேண்டாம். அது நிசான் எஞ்சின், நன்றாகவே ஓடும், அது வேறு. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருசம் தாண்டிய வண்டிக்கு. பாடி, சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு வயது இருக்கிறது, அதை எஞ்சினுக்காகத் தொலைக்காதீர்கள். ஆனால் அந்தப் பதிவு எடுத்தால் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்ட ஆசையென்றால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பியுங்கள். பழைய பதிவு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ.வில் இப்போதே விசாரியுங்கள்.

அத்தை வேண்டாம் என்றாலோ, தட்டிப் பார்த்ததில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டாலோ, திருப்பூருக்குப் போங்கள். போகும் முன் கோவை அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியத்தை ஒருமுறை சுற்றுங்கள், கதவு இடைவெளியும் குரோமும் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும். வண்டியிடம் காலையில், எஞ்சின் சூடாகும் முன் போய் நில்லுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பக்கத்திலும் வீல் வளைவிலும் வையுங்கள், ஒட்டாத இடம் பட்டி. நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள், இடித்தால் சட்டம் போயிருக்கிறது. அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். வேலை நடந்தபோது எடுத்த போட்டோ காட்ட மாட்டேன் என்றால் விலையில் 1 லட்சம் குறைத்துப் பேசுங்கள். அந்த ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அங்கேயும் ஓர் அத்தை இருக்கலாம்.

எந்த முடிவானாலும் இந்த வாரம் ஒரு வேலை. மூட்டை மிச்சமிருந்தால் வெளியே எடுங்கள். வண்டியை வெயிலுக்குத் தள்ளி, தரையையும் டிக்கியையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, கதவெல்லாம் திறந்து முழுக்கக் காயவிடுங்கள். பிறகு நாலு பக்கமும் ஸ்டாண்டு வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்க மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போதும்.