வண்டி சந்தேகம்: சீட்டில் ஏறிய நாய் முடி

கேள்வி: எங்கள் வீட்டில் லாப்ரடார் வளர்க்கிறோம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் காரில்தான் கூட்டிப் போகிறோம். போய் வந்தால் பின்சீட் முழுக்க முடி. வேக்குவம் கிளீனரை எவ்வளவு நேரம் பிடித்தாலும் பாதிகூட வருவதில்லை. வீட்டுக்காரர் கறுப்பு பேன்ட் போடுவதையே விட்டுவிட்டார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வேக்குவத்தைத் திட்டாதீர்கள் அம்மா. அது உறிஞ்சத்தான் செய்கிறது, முடிதான் விடமாட்டேன் என்கிறது. லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே குட்டையான முரட்டு முடி, அடியில் மெத்தென்ற மெல்லிய முடி. அந்தக் குட்டை முடி சீட் துணியின் இழைக்குள் ஊசி மாதிரி இறங்கிவிடும். பொமரேனியன் முடி நீளம், மேலாகவே கிடக்கும். எங்கள் அசோக் நகர் ஷெட்டுக்கு பொமரேனியன் வீட்டு வண்டி வந்தால் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். லாப்ரடார், சிப்பிப்பாறை என்றால் யார் எடுப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள்.

அதனால் முதலில் முடியைக் கிளப்ப வேண்டும். உறிஞ்சுவதெல்லாம் அப்புறம். பாத்திரம் தேய்க்கப் போடுகிற ரப்பர் கையுறை போதும், உள்ளங்கைப் பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிடுங்கள், சொட்டக்கூடாது. சீட்டின் மேலிருந்து கீழாக, அழுத்தி, ஒரே பக்கமாக இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கிளம்பிய முடி மறுபடி உள்ளேதான் போகும். நாலைந்து இழுப்பில் முடி திரிதிரியாகச் சுருண்டு ஓரத்தில் சேரும். அதைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்துக்கு வேக்குவம் பிடியுங்கள். தையல் ஓரங்களுக்குப் பழைய டூத் பிரஷ். சீட்டும் முதுகும் சேருகிற இடுக்கை ஒருத்தர் விரித்துப் பிடித்தால்தான் இன்னொருத்தர் வேக்குவத்தின் ஒல்லி மூக்கை உள்ளே விட முடியும். தனியாகச் செய்கிற வேலை இல்லை. வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள், பேன்ட் அவருடையதுதானே.

பெசன்ட் நகர் பீச்சுக்கும் கூட்டிப் போகிற பழக்கம் இருந்தால் முதலில் மணலை உறிஞ்சிவிட்டுத்தான் ஈரக் கையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணலைத் துணியில் வைத்துத் தேய்த்த மாதிரிதான். முன்சீட்டுக்கு அடியில் கை விடும்போது கவனம். அங்கே மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர், பிடித்து இழுக்காதீர்கள்.

சீட்டை விடப் பெரிய தலைவலி டிக்கி. அங்கிருக்கும் கார்ப்பெட் நெய்த துணி இல்லை, இழைகளை ஊசியால் குத்திக் குத்திச் சேர்த்தது. முடியும் அந்த இழைகளோடு பின்னிக்கொள்ளும். கழற்ற முடிந்தால் வெளியே எடுத்து, கவிழ்த்துப் போட்டு, முதுகில் குச்சியால் தட்டுங்கள். பாதம் தேய்க்கிற கல்லால் இழுத்தால் வரும் என்பார்கள். வரும், ஆனால் டிக்கியில் மட்டும், அதுவும் லேசாக. சீட் துணியில் அந்தக் கல் பட்டால் நூல் பிசிறிவிடும். கூரைத் துணியில் எதையுமே வைத்துத் தேய்க்காதீர்கள். அது பசையில் நிற்பது, தொங்க ஆரம்பித்தால் செலவுதான். அங்கே கையில் டேப்பைச் சுற்றி மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும்.

துணிக்குப் போடுகிற கம்ஃபர்ட்டைத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. காற்று வறண்ட ஊர்களில் நிலைமின்சாரத்தால் முடி ஒட்டிக்கொள்ளும், அதற்கு அது சரி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தொல்லை குறைவு. நாய் சீட்டை நக்கும் என்பதால் எனக்கு அது பிடிக்கவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட்டை அதிகம் நனைக்கவும் வேண்டாம். காயாமல் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று தெரிந்தாலே நாய்க்குப் பயம். பயந்தால் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். அதனால் கிளம்பும் முன் வாசலில் வைத்து நன்றாகச் சீவிவிடுங்கள். பின்சீட்டில் நெருக்கமாக நெய்த பழைய காட்டன் பெட்ஷீட்டை விரித்து, இறங்கியதும் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் உதறுங்கள்.

கேள்வி: முடியை எடுத்த பிறகும் ஏசி போட்டால் நாய் வாடை வருகிறதே?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். கழற்றிப் பாருங்கள், முடியும் தூசியும் அப்பியிருக்கும். காகித ஃபில்டரைக் கழுவிப் போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். வாடைக்காகச் சிலர் சீட்டுக்கு அடியில் பாச்சா உருண்டை போடுகிறார்கள். நாய் ஏறுகிற வண்டியில் அது கூடவே கூடாது. விழுங்கினால் விஷம்.