மீனவர் ஸ்வெட்டரும் ஒரு கட்டுக்கதையும்

கேள்வி: அயர்லாந்திலிருந்து என் மகன் எனக்கு வெண்ணெய் நிறத்தில் ஓர் ஆரன் ஸ்வெட்டர் வாங்கி வந்தான். மீனவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னல் உண்டு என்றும், கடலில் மாண்டவரின் உடல் கரையொதுங்கினால் அந்தப் பின்னலைக் கொண்டே அடையாளம் கண்டார்கள் என்றும் சொல்கிறான். இது உண்மையா?
– வாசகர், குன்னூர்

பதில்: உண்மை இல்லை. நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் அதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. அயர்லாந்து நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதி 1904-இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்தில், கடலில் மாண்ட இளைஞன் ஒருவனை அவனுடைய சகோதரி அடையாளம் காணும் காட்சி வருகிறது. அங்கே அடையாளம் காட்டுவது ஸ்வெட்டர் அன்று, காலுறை. குடும்பப் பின்னலும் அன்று, அவள் தன் கையால் பின்னியபோது தவறவிட்ட நான்கு கண்ணிகள். தன் கைவேலையின் பிழையை ஒரு பெண் அறிந்துகொண்ட அந்தக் காட்சியே பிற்காலத்தில் குலச்சின்னக் கதையாகத் திரிந்தது.

ஆரன் தீவுகள் மூன்றும் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வளைகுடாவின் வாயிலில் இருக்கின்றன. வறுமை மிகுந்த மேற்கு மாவட்டங்களுக்காக 1891-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த வாரியம் அங்கே மீன்பிடித் தொழிலை வளர்க்க முனைந்தது. அக்காலத்தில் வெளியிடங்களிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் வழியாக, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கெர்ன்ஸி தீவின் பெயரைத் தாங்கிய நெருக்கமான பின்னல் சட்டை இத்தீவுகளை எட்டியது என்பதே ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். (கெர்ன்ஸிக்குப் பக்கத்துத் தீவான ஜெர்சியின் பெயரைத்தான் நம் விளையாட்டு வீரர்களின் சட்டைக்கும், நம் தொழுவத்துப் பசுவுக்கும் வழங்குகிறோம்.) தீவுப் பெண்கள் அந்தச் சட்டையை அப்படியே பின்னவில்லை. சாயமிடாத தடித்த நூலில் முறுக்குக்கயிறு, வைரக்கட்டம், தேன்கூடு என்று உடல் முழுவதும் வடிவங்களை நிரப்பி, முற்றிலும் புதிய ஆடை ஒன்றையே உருவாக்கினார்கள். அது உலகப் புகழ் பெற்றது இன்னும் பிந்தி, 1961-இல் அயர்லாந்து நாட்டுப்புறப் பாடகர்களான கிளான்சி சகோதரர்கள் இதே ஸ்வெட்டரை அணிந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடிய பிறகுதான். வறுமைக்கு நடுவே அப்பெண்கள் காட்டிய கற்பனையையும் உழைப்பையும் பண்டைய குலமரபு என்று சொல்லி மறைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கடலுக்குப் போகிறவர் கம்பளியை நாடியதற்குக் காரணம் அதன் இழையிலேயே இருக்கிறது. சுருள்சுருளான இழைகளுக்கிடையே தங்கும் காற்று உடற்சூட்டை வெளியே விடாது. தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கம்பளி தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. ஆட்டின் ரோமத்தில் இயல்பாக உள்ள லனோலின் என்னும் கொழுப்பை முழுவதும் அகற்றாமல் நூற்றால், அது நீர்த்துளிகளையும் ஓரளவு தள்ளிவிடும்.

கேள்வி: அதை வாஷிங் மெஷினில் துவைக்கலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். கம்பளி இழையின் மேல் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சுழற்சியும் சேரும்போது அவை ஒன்றோடொன்று சிக்கி இறுகி, ஸ்வெட்டர் சிறுவர் அளவுக்குச் சுருங்கிவிடக்கூடும், அதை மீட்பது மிகக் கடினம். கம்பளிக்கென விற்கும் சோப்புத் திரவத்தைக் குளிர்ந்த நீரில் கலந்து, கசக்காமல் அமிழ்த்தி எடுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிய பின், கொடியில் தொங்கவிடாமல் நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள்.