வாக்கெடுப்புக்கு டிரேட்மார்க் நோட்டீஸா?

வணக்கம். உங்களுக்குப் பிடித்த பாப் குழுவில் யார் முதலிடம் என்று ரசிகர் தளத்தில் வாக்கெடுப்பு வைத்ததற்கு, 'பெயர் எங்கள் டிரேட்மார்க்' என்று நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பயந்துபோய்த் தளத்தை மூடிவிடாதீர்கள்.

இதே சண்டை முன்பே நடந்திருக்கிறது. 'நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்' என்ற அமெரிக்க பாப் குழுவில் யாரை அதிகம் பிடிக்கும் என்று அமெரிக்காவில் இரண்டு பத்திரிகைகள் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தின, அழைப்புக்குக் காசும் வாங்கின. குழு வழக்குப் போட்டது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்திரிகைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெயரைச் சொல்லாமல் ஒரு குழுவைப் பற்றி எப்படிப் பேசுவது?

குழுவில் இருக்கும் சின்ன வயதுப் பிள்ளைகளை நிறுவனங்கள் ரசிகர்களின் அன்பை வைத்தே சந்தைப்படுத்திவிட்டு, அதே ரசிகரை மிரட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: பெயர் மட்டும் இருக்கட்டும், லோகோவை எடுத்துவிடுங்கள். 'இது அதிகாரபூர்வத் தளம் அல்ல' என்று மேலேயே போடுங்கள். புகைப்படங்கள் பதிப்புரிமைக்குள் வரும், அது தனி விவகாரம். பெயர் போட்ட டி-ஷர்ட் விற்றாலும் கதை வேறு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், நோட்டீஸை ஒரு வக்கீலிடம் காட்டி, கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள்.