பூச்சிமருந்து கூடினால் வேர் ஏன் குட்டையாகிறது?

வியாசர்பாடி மொட்டைமாடித் தொட்டியில் மருந்தை அளவுக்கு மேல் ஊற்றியதும் கத்தரி வேர் குட்டையானது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வேர் நீள, அதன் நுனியில் செல்கள் ஓயாமல் பிரிய வேண்டும். மருந்து மிஞ்சினால் அந்தப் பிரிதல்தான் முதலில் அடிவாங்கும். செல் பிரியும்போது, மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கும் இழைகள் குலையும். சில குரோமோசோம்கள் பின்தங்கும், சில ஒட்டிக்கொண்டு பாலம் போடும், விடுபட்ட துண்டு குட்டி உட்கருவாகத் தனியே நிற்கும்.

வெங்காய வேரில் இதை நுண்ணோக்கியில் பார்ப்பது சுலபம். மொத்தமே 16 குரோமோசோம்கள், அதுவும் பெரியவை. 1938-இல் லெவான் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி தொடங்கிவைத்த சோதனை இது.

வேர் குட்டையாவதை வீட்டிலும் பார்க்கலாம். இரண்டு டம்ளர், இரண்டு வெங்காயம்; ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் மருந்து கலந்தது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு இரவு திறந்து வையுங்கள். நாலைந்து நாளில் வேர்களை அளந்து பாருங்கள். அப்புறம், அந்த டம்ளர்களைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.